கன்னியம்மா ஊரில் இல்லை

ரேஷன் கடைக்குப் புதிதாக விற்பனையாளராக வந்திருக்கிற தம்பிகளே, தங்கைகளே, சாக்கை எப்படிப் பிரிப்பது, கருவியில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்றெல்லாம் பயிற்சியில் உங்களுக்குச் சொல்லிவிடுவார்கள். அதில் நான் மூக்கை நுழைக்கப் போவதில்லை. முப்பத்தோரு வருடம் ஆரணியில் பட்டு நெசவுத் தெருக்களுக்கு நடுவே ஒரே கடையில் நின்றவள் நான். ஓய்வு பெற்று வீட்டோடு உட்கார்ந்த பிறகும் ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் ஆறவே இல்லை. அதில் பாதிக் கோபம் என் மேல்தான். படித்து முடித்துவிட்டு நீங்களும் என்னைத் திட்டலாம். ஆனால் இதே இக்கட்டு உங்கள் கடைக்கும் வரும், அப்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

என் கடைச் சுவரில் இரண்டு தாள்கள் அருகருகே இருந்தன. ஒன்று தில்லியின் நிபந்தனை. அட்டையில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கருவியில் விரல் வைக்க வேண்டும், அந்த ரேகை ஆதாரில் இருக்கிற ரேகையோடு ஒத்துப்போக வேண்டும், ஒத்துப்போகாதவர் பெயர் தங்காது. இன்னொன்று நம் மாநில அரசின் சுற்றறிக்கை. ரேகை பதியவில்லை என்ற காரணத்துக்காக ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது, பதிவேட்டில் எழுதி வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுக்க வேண்டும் என்றது அது.

இரண்டாவது தாள் வந்த அன்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எங்கள் ஜனங்களுக்கு அரிசி போட உன் கருவியிடம் நாங்கள் கேட்க வேண்டியதில்லை என்று தில்லியைப் பார்த்து ஒரு அரசாங்கம் சொல்கிறதே, சும்மாவா! நான்கு மூலையிலும் பசை தடவி நானே ஒட்டினேன். அந்தத் தாளின் தயவில் பல வருடம் எங்கள் தெருக்களில் அடுப்பு எரிந்தது. அதை மறுத்தால் எனக்கு நல்ல சாவு வராது.

ஆனால் சுவரில் ஒட்டாத மூன்றாவது உத்தரவு ஒன்று இருந்தது. அது என் கைப்பேசியில் வரும். யார் கையெழுத்தும் இருக்காது, உத்தரவு எண்ணும் இருக்காது. கடைகளின் பட்டியல் ஒன்று, சரிபார்ப்பு முடியாத கடைகள் சிவப்பில், கீழே ஒரு வரி: ‘ஏன் இன்னும் பெண்டிங்? இன்றே முடிக்கவும்.’ தொலைக்காட்சியில் மாநிலம் தில்லியை எதிர்த்துக்கொண்டிருக்கும். அதே நேரத்தில், அதே மாநிலத்தின் சம்பளம் வாங்குகிற மேற்பார்வையாளர், தில்லி கேட்டதை இன்று மாலைக்குள் முடித்துக் கொடு என்று என்னைக் குடைந்துகொண்டிருப்பார். எதிர்ப்பு எல்லாம் மேலே. கீழே நிற்பவளுக்கு இரண்டு பக்கமும் அடி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது கன்னியம்மாவைச் சொல்கிறேன். பெயரை மாற்றியிருக்கிறேன். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர், கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை, அட்டையில் அவர் ஒருவர் பெயர் மட்டும்தான். பரம ஏழைகளுக்கான அந்தியோதயா அட்டை அது. மாதத்துக்கு முப்பத்தைந்து கிலோ அரிசி. அந்த அரிசியில்தான் அவர் வயிறு நிறைந்தது. மிச்சச் செலவுக்குத்தான் வேலைக்குப் போனார்.

அவர் வேலை பாவு பிணைப்பது. தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகள்தான் பாவு; ஒரு பாவு நெய்து முடிந்ததும் புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையின் நுனியோடு சேர்த்து முறுக்க வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சாம்பலைத் தொட்டுத் தொட்டு ஆயிரக்கணக்கான முறை உரசும். இளவயதில் அவர் சாயப் பட்டறையிலும் இருந்தவர், கொதிக்கிற சோடாத் தண்ணீரில் பட்டு அலசியவர். பத்து விரலும் புளியங்கொட்டை மாதிரி வழவழ என்று இருக்கும். கருவியில் வைத்தால் ஒரு கோடு விழாது.

மாதா மாதம் பதிவேட்டில் எழுதி அரிசி போட்டுவிட்டேன், ஆனால் சரிபார்ப்புக்கு அது செல்லாது; நான் விடவில்லை. சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன், எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொன்னேன், தேங்காய் எண்ணெய் தடவி ஒரு வாரம் பாவு பக்கம் போகாதீர்கள் என்றுகூடச் சொன்னேன்.

“வாரம் பூரா சும்மா குந்தினுகீறதா? தறி காலியா கெடந்தா நெசவுக்காரன் எனுக்கோசரம் காத்துகினு இருப்பானா? வேற ஆள இட்டாந்துருவான்,” என்றார். நியாயம்தான். ரேகைக்குப் பதிலாகக் கண்ணைப் படம் பிடிக்கிற கருவி ஒரே ஒரு நாள் எங்கள் கடைக்கு வந்தது. அன்று அவர் சேவூரில் ஒரு வீட்டில் பாவு முன்னால் உட்கார்ந்திருந்தார். சொல்லி அனுப்பினேன். பாதிப் பாவை விட்டுவிட்டு எழுந்தால் இழை கலைந்துவிடும், அவரால் வர முடியவில்லை. மறுபடி அந்தக் கருவி வரவே இல்லை.

பட்டியலில் என் கடைப் பெயர் சிவப்பிலேயே கிடந்தது. ஒருவர் ஒருவராக முடித்து, கடைசியில் கன்னியம்மா மட்டும் மிச்சம். முடியாதவருக்குக் காரணம் போட ஒரு கட்டம் உண்டு. அதில் நான்கு பதில்கள்தான் இருந்தன: இறந்தவர், திருமணமாகிப் போனவர், நிரந்தரமாக வெளியூர் போனவர், இரட்டைப் பதிவு. ஆள் உயிரோடு எதிரில் நிற்கிறார், ரேகைதான் இல்லை என்று ஒரு பதில் இல்லை. எந்தக் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து எந்தப் புண்ணியவான் அந்த நான்கை எழுதினான் என்று எனக்குத் தெரியாது. அவன் கட்டைவிரல் நன்றாக இருக்கட்டும்.

மாதக் கடைசி நாள் மத்தியானம், வரிசையில் இருபது பேர் நிற்கும்போது, மேற்பார்வையாளர் போனில் கூப்பிட்டார்.

“இன்னா மேடம், ஒண்ணே ஒண்ணுக்கோசரம் நம்ம ஏரியாவே ரெட்ல நிக்குது. வெளியூர்னு போட்டு வுடுங்க.”

“சார், அவங்க ஊர்லதான் இருக்காங்க.”

“தெரியும்மா. இப்ப ஜல்தியா போட்டு வுடுங்க, அப்பால மாத்திக்கலாம். பேஜார் பண்ணாதீங்க.”

போட்டுவிட்டேன்.

ஏன் போட்டேன் என்று கேட்பீர்கள். பயந்தேன் என்பது பாதிதான் உண்மை. மீதியை நம் தொழிலில் இருந்தவர்களுக்குத்தான் சொன்னால் புரியும். கருவி வருவதற்கு முன்னால் எல்லாம் நோட்டுதான். ஆய்வுக்கு ஆள் வரும்போது ஏதாவது ஒரு கட்டம் காலியாக இருந்தால் பென்சிலால் ஒன்றை எழுதி வைப்போம். அவர் போன பிறகு வீட்டுக்குப் போய் விசாரித்து, ரப்பரால் அழித்து, பேனாவால் சரியானதை எழுதுவோம். எல்லாக் கடையிலும் நடந்ததுதான், யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை. என் இழுப்பறையில் பென்சில் இல்லாத நாள் கிடையாது. இருபது வருடம் பென்சிலில் பழகிய கை, கருவியிலும் அப்படியே எழுதிவிட்டது. அடுத்த மாதம் அழித்துக்கொள்ளலாம் என்று முழுசாக நம்பினேன். அடிமுட்டாள் நான்.

அடுத்த மாதம் கன்னியம்மா பையோடு வந்தார். அட்டையைக் காட்டினால் ‘செயல்பாட்டில் இல்லை’ என்று கருவி சொன்னது. ஒருவர் மட்டுமே உள்ள அட்டையில் அந்த ஒருவரும் வெளியூர் போய்விட்டால் அட்டை ஏது? இந்தச் சின்னக் கணக்கு எனக்கு முன்கூட்டியே தோன்றவில்லை. போட்டதை அழிக்கக் கருவியில் வழியும் இல்லை. அரிசி கொடுக்கலாம் என்ற சுற்றறிக்கை, அட்டை இருப்பவருக்குத்தானே!

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். “சர்வர் சரியில்லக்கா, நாலு நாள் கழிச்சு வாங்க,” என்றேன். நான்கு நாள் கழித்து வந்தார். மறுபடி சர்வர். மூன்றாவது தடவை என் வீட்டு அரிசியில் ஐந்து கிலோ கட்டிக் கொடுத்தேன். அவர் பையைத் திறந்து பார்த்தார்.

“இது கடை அரிசி இல்லியே.”

“என் வூட்டு அரிசிக்கா. இந்த மாசம் வெச்சுக்கோங்க.”

“உன் வூட்டு அரிசி எனுக்கு இன்னாத்துக்கும்மா? என் அரிசி எங்க?”

பையை எடைத் தட்டின் மேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பிறகு அவர் வட்ட வழங்கல் அலுவலகத்துக்கு நடந்தார். ஒரு நாள் இல்லை, பல நாள். பெரியவர் மீட்டிங்கில் இருக்கிறார், நாளைக்கு வா, ஆதார் நகல் கொண்டு வா, போட்டோ கொண்டு வா. புது அட்டைக்கு எழுதிக் கொடு என்றார்கள். எழுதிக் கொடுத்தால், முதலில் விரல் வை என்றார்கள். அவர் அங்கே வரிசையில் நின்ற நாட்களில் தறிகள் காலியாயின, நெசவுக்காரர்கள் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். வழக்கமான வீடுகள் இரண்டு அவர் கையை விட்டுப் போயின. அரிசியும் போய் வேலையும் போனது. கடையில் நின்றுகொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் அது பொய். இறங்கியது. அதுதான் இன்னும் ஆத்திரம்.

கடைசியில் அலுவலகக் கவுன்டரில் இருந்தவர் திரையைத் திருப்பி, அவர் வெளியூர் போனதாக என் கடையிலிருந்தே பதிந்திருப்பதைக் காட்டிவிட்டார். மறுநாள் பத்து மணி வாக்கில் கடையில் கூட்டம். கன்னியம்மா வரிசையில் நிற்கவில்லை, நேரே வந்தார்.

“ஏம்மா, நான் எங்கம்மா போனேன்?”

நான் கருவியின் திரையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

“சொல்லும்மா. எந்த ஊருக்குப் போனேன்? பஸ் ஏத்தி வுட்டவ நீதான? முந்தாநேத்து கூட உன் கடைக்குப் பின்னால வூட்டுல பாவு பிணைச்சிகினு இருந்தேன். சர்வரு, சர்வருன்னு சொல்லிகினு இருந்தியே, நீயாம்மா அந்த சர்வரு?”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் திரும்பி முறைத்ததும் அடங்கினார்கள். நான் மன்னிப்புக் கேட்டேன். “அதக் கொண்டுபோயி உலையில போடவா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்று சாப்பாட்டு வேளையில் கடையைப் பூட்டிவிட்டு அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கே கணினியில் உட்காரும் ஒரு பெண் எனக்கு வழி சொன்னாள். தற்காலிக வேலை, வந்தவாசியிலிருந்து தினம் பஸ்ஸில் வந்து போகிறவள், என் மகள் வயதுகூட இருக்காது. என் முப்பத்தோரு வருடத்தில் என்னை உருப்படியாக வழிநடத்தியது அந்தப் பெண்தான். பெயர் சொன்னால் அவள் வேலைக்கு ஆபத்து.

“மாத்த முடியும் மேடம். ஆனா வெளியூர்னு போட்டவங்களே, நான் தப்பா போட்டேன்னு எழுதிக் குடுக்கணும். அது இருந்தாத்தான் ஃபைல் நகரும்.”

“இவ்ளோதானா? இத முன்னாலயே யாரும் சொல்லலியே.”

“சொன்னாலும் யாரும் எழுத மாட்டாங்க மேடம். எழுதுனா மெமோ வரும். உங்களுக்கு ரிட்டையர்மென்ட் கிட்டத்துல இருக்குது, நல்லா ரோசிச்சுக்கோங்க.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: “எழுதுறதா இருந்தா நாலு பேர் எதிர்ல குடுங்க. நகல்ல சீல் வாங்காம எழுந்திரிக்காதீங்க. தனியா குடுத்த லெட்டருங்க இங்க நெறைய காணாம போயிருக்குது.”

எனக்கு ஓய்வுக்கு ஏழு மாதம் இருந்தது. ஒழுங்கு நடவடிக்கை என்று ஆரம்பித்தால் ஓய்வுக்காலப் பணம் எல்லாம் நின்றுவிடும். வீட்டில் ‘உனக்கு எதற்கு இந்த வம்பு’ என்றார்கள். இரண்டு நாள் யோசித்தேன். அந்த இரண்டு நாளுக்கும் கன்னியம்மாவிடம் நான் பட்ட கடன் வேறு.

எழுதினேன். கன்னியம்மா உயிரோடு, என் கடைக்கு இரண்டு தெரு தள்ளி, அதே வீட்டில் இருக்கிறார். அவர் வெளியூர் போனதாக நான் பதிந்தது பொய். மேற்பார்வையாளர் போனில் சொன்னபடி பதிந்தேன். இது மாநில அரசின் சுற்றறிக்கைக்கு விரோதம். சுற்றறிக்கையின் எண்ணையும் சுவரிலிருந்து பார்த்து எழுதினேன். அவ்வளவுதான், ஒரே பக்கம்.

மறு வாரம் ஆய்வுக் கூட்டம். எல்லாக் கடை விற்பனையாளர்களும் நாற்காலியில், எதிரே அலுவலர், பக்கத்தில் நம் மேற்பார்வையாளர். “நம்ம ஏரியா நூத்துக்கு நூறு. ஒருத்தர் கூட பெண்டிங் இல்ல,” என்றார் மேற்பார்வையாளர். கை தட்டினார்கள். அன்று காலைப் பேப்பரில்தான், ஆதாரைக் காட்டி நம் மக்கள் ஒருவரின் அரிசியைக்கூடப் பறிக்க விடமாட்டோம் என்று மாநிலத்தில் மேலே இருப்பவர்கள் பேசியது வந்திருந்தது. இங்கே பறித்ததற்குக் கைதட்டல். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்துவிட்டேன்.

“சார், நூத்துக்கு நூறு இல்ல. என் கடையில ஒண்ணு பொய்.”

கடிதத்தைப் படித்துக் காட்டினேன். ஒரு வரி விடாமல் படித்து, நகலோடு அலுவலரிடம் கொடுத்தேன்.

“நான் எப்ப மேடம் சொன்னேன்? எழுத்துல இருக்குதா?” என்றார் மேற்பார்வையாளர்.

“இல்ல சார். நீங்க எழுத்துல குடுக்கல, நானும் கேக்கல. அது என் தப்பு. என் தப்ப நான் எழுத்துல குடுக்கறேன்.”

அலுவலர் மோசமான மனிதர் இல்லை. அதுதான் சங்கடம். மெதுவாகத்தான் கேட்டார். “ரிட்டையர் ஆவ எத்தினி மாசம்மா இருக்குது?”

“ஏழு மாசம் சார்.”

“அப்ப இன்னாத்துக்கு இது? லெட்டர நீங்களே வெச்சுக்கோங்க. நான் வாய்வழியா சொல்லி சரி பண்ணச் சொல்றேன்.”

கை கடிதத்தைத் திருப்பி வாங்கப் போனது. ஒளிக்காமல் சொல்கிறேன், போனது. வாய்வழியா என்ற அந்த ஒரு வார்த்தைதான் என்னை நிறுத்தியது.

“வாய்வழியா சொல்லித்தான் சார் அந்தம்மா காணாம போனாங்க. நகல்ல சீல் போட்டுக் குடுங்க, நான் உக்காந்துக்கறேன்.”

நின்றுகொண்டே இருந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த வேறு கடைக்காரர் தலையைத் தூக்காமல் முணுமுணுத்தார்: “எங்கடையிலயும் ஆறு பேர் இருக்காங்கக்கா.” எழுந்து சொல்லுங்கள் என்று ஜாடை காட்டினேன். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருமே எழவில்லை. அந்த ஆறு பேரும் எந்தத் தெருவில் எந்தக் கடையில் நின்று என் அரிசி எங்கே என்று கேட்டார்களோ, எனக்குத் தெரியாது. அவரை நினைத்தால் இன்னும் எனக்கு வாயில் நல்ல வார்த்தை வராது. பிறகு, நானும் அதே நாற்காலியில் அதே மாதிரி எத்தனை கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன் என்பதும் ஞாபகம் வரும்.

சீல் விழுந்தது. ஒரு வாரத்தில் எனக்குக் குறிப்பாணையும் வந்தது. பொய்ப் பதிவு செய்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் போன் போட்டவருக்கு ஒரு துண்டுத் தாள்கூடப் போகவில்லை. ஓய்வுக்குப் பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் அந்த விசாரணைக்கு நடந்தேன்.

ஆகவே உங்களுக்குச் சொல்வது இதுதான். மேலே இருப்பவர்கள் எதிர்க்கட்டும், நல்லதுதான், நாமும் அதற்கு ஓட்டுப் போடுவோம். ஆனால் அந்த எதிர்ப்பு நடக்க வேண்டிய இடம் உங்கள் எடைத் தட்டுக்கு முன்னால்தான். போனில் ஒருவர் சொல்வது சுவரில் இருக்கிற தாளுக்கு மாறாக இருந்தால், எழுத்தில் கேளுங்கள். கேட்ட உடனே பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள். பொருந்துகிற பதில் கட்டத்தில் இல்லையென்றால் எதையும் அழுத்தாதீர்கள், சிவப்பிலேயே கிடக்கட்டும். சிவப்பில் கிடந்ததால் எந்தக் கடையும் இடிந்து விழுந்ததில்லை.

நான் கடிதம் கொடுத்த மூன்றாம் மாதம் கன்னியம்மாவின் அட்டை உயிர் பெற்றது. விடுபட்ட மாதங்களுக்கு ஒதுக்கீடு இல்லை என்று ஒரு வரியும் கூடவே வந்தது. நானே அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். மறுநாள் வந்தார். கருவியில் வழக்கம்போல ரேகை விழவில்லை. மாநில அரசின் பதிவேட்டை எடுத்து அவர் பெயரை எழுதினேன். கையெழுத்துப் போடத் தெரியாதவர் என்பதால் மைப் பெட்டியை நீட்டினேன். கட்டைவிரலை அழுத்தி வைத்தார். நீலமாக ஒரு வட்டம் விழுந்தது, உள்ளே ஒரு கோடு இல்லை.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “இத பாத்துட்டு நான்தான்னு யாருக்கும்மா தெரியும்?” என்று கேட்டார்.

“எனக்குத் தெரியும்க்கா,” என்றேன். நல்ல பதில் சொல்லிவிட்டதாக ஒரு நிமிடம் நினைத்துக்கொண்டேன்.

“வெளியூர்னு போட்டியே, அன்னிக்கும்தான் உனுக்குத் தெரியும்,” என்றார் கன்னியம்மா. பையின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு, நான் அரிசி போடுவதற்காக நின்றார்.